மரம் மாறினால் மருந்து ஏன் மாறுகிறது? வாணவேடிக்கைக் கரியின் பின்னணி

கருமருந்து என்ற பழைய வெடிமருந்தில் மூன்றே பொருட்கள்: வெடியுப்பு, கந்தகம், கரி. விகிதமும் ரகசியம் இல்லை. எடைக்கு 75, 10, 15 என்று வேதியியல் பாடநூல்களிலேயே இருக்கிறது. ஆனாலும் ஒரே விகிதத்தில், ஒரே கருவிகளைக் கொண்டு, ஒரே ஆள் தயாரித்த இரண்டு மருந்துகளில் ஒன்று சட்டென்று எரிந்து முடிகிறது, இன்னொன்று சோம்பலாகப் புகைகிறது. காரணம் தேடிப் போனால் பெரும்பாலும் கரியில் போய் நிற்கும். வாணவேடிக்கையைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் மரம் மரமாக மாற்றிச் சோதித்துப் பார்ப்பது இதனால்தான். வில்லோ நல்லது, பைன் மெதுவானது, பால்சா அதிவேகம் என்று அவர்களிடையே பட்டியல்கள் சுற்றுகின்றன. அவை ஒன்றுக்கொன்று முரண்படவும் செய்கின்றன.

முரண்பாட்டுக்குக் காரணம் உண்டு. கரியின் குணத்தைத் தீர்மானிப்பதில், எந்த மரம் என்பதைவிட அதை எப்படிச் சுட்டார்கள் என்பதற்குத்தான் பல நேரங்களில் பங்கு அதிகம். பட்டியல்களோ மரத்தின் பெயரை மட்டும் எழுதி வைக்கின்றன.

## எரியும்போது உள்ளே நடப்பது

வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தருவது அதுதான். கரி எரிபொருள். கந்தகமும் எரியக்கூடியது, ஆனால் தீ பற்றுவதை எளிதாக்குவதே அதன் முக்கிய வேலை.

இந்த மூன்றில் கந்தகம் 115 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும். வெடியுப்பு உருக 334 டிகிரி வேண்டும். கரி உருகவே உருகாது. ஆகவே எரியும் கணத்தில், உருகிய உப்பு திடமான கரித்துகளைச் சூழ்ந்துகொண்டு அதன் மேற்பரப்பில் வினைபுரிகிறது. அந்த மேற்பரப்பு எவ்வளவு பெரியது, வினைபுரிய எவ்வளவு தயாராக இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளில் வேகத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும். இரண்டுமே கரியைப் பற்றிய கேள்விகள் என்பதைக் கவனியுங்கள்.

பள்ளிப் பாடத்தில் வரும் சமன்பாடு கரியை வெறும் கார்பன் என்று எடுத்துக்கொண்டு, கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் பொட்டாசியம் சல்பைடும் கிடைப்பதாக முடிக்கிறது. உண்மை அவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. நோபிள், ஏபல் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1870களில் மூடிய எஃகுக் கலங்களுக்குள் மருந்தை எரித்து அளந்து பார்த்தார்கள். எடையில் பாதிக்கு மேல் வாயுவாகவே மாறாமல் உப்புகளாக மிஞ்சியது. கருமருந்து இவ்வளவு புகை கக்குவதற்கும் அந்த உப்புகளே காரணம்.

## கரி என்பது பாதி வெந்த மரம்

உலர்ந்த மரத்தில் எடைக்கு ஏறத்தாழ பாதி கார்பன். 40 சதவீதத்துக்குச் சற்று மேல் ஆக்சிஜன், 6 சதவீதம் ஹைட்ரஜன். இவை செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற மூன்று பெரிய மூலக்கூறுகளாகக் கட்டுண்டு கிடக்கின்றன. காற்றுப் படாமல் மரத்தைச் சுட்டால் முதலில் சிதைவது ஹெமிசெல்லுலோஸ். 220 டிகிரியை ஒட்டித் தொடங்கி 315 டிகிரிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்கு மேல் 400 டிகிரி வரை செல்லுலோஸின் முறை. லிக்னின் அவசரப்படாது. நீண்ட வெப்ப எல்லையில் மெதுவாகச் சிதைந்து, மிஞ்சும் கரிக்கு அதிகம் பங்களிப்பது அதுதான்.

வாசகர்கள் அதிகம் குழம்புவது இதற்கு அடுத்த இடத்தில். 'நன்றாக வெந்த' கரி என்றால் கார்பன் அதிகம், கார்பன் அதிகம் என்றால் மருந்தும் நல்லது என்றுதான் தோன்றும். நடப்பது தலைகீழ். 300 டிகிரியில் சுட்ட கரி பழுப்பாக, மென்மையாக, எளிதில் பொடியாகிற மாதிரி இருக்கும். 380 டிகிரியிலேயே தீப்பிடிக்கும். மிக உயர்ந்த வெப்பத்தில் சுட்ட கரி கடினமாகவும் நொறுங்கும் தன்மையோடும் இருக்கும். அது தீப்பிடிக்க 700 டிகிரி வரை போக வேண்டியிருக்கும். இந்த எண்கள் நூறாண்டுக்கு முந்தைய கலைக்களஞ்சியங்களிலேயே இருக்கின்றன. இத்தனைக்கும் இரண்டும் ஒரே மரத்தின் துண்டுகளாகக்கூட இருக்கலாம்.

குறைவாகச் சுட்ட கரியில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த கரிமச் சேர்மங்கள் கணிசமாகத் தங்கிவிடுகின்றன. சூடேறினால் வெளியேறிவிடும் என்பதால் இவற்றை ஆவிப்பொருள் என்கிறார்கள். கருமருந்து பற்றிக்கொள்வதில் இவற்றின் பங்கை பிளாக்வுட், பௌடன் ஆகியோர் 1952இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. கந்தகம் முதலில் தொடுவது கார்பனை அல்ல. கரியில் எஞ்சியிருக்கும் இந்தச் சேர்மங்களைத்தான். அதில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. வெடியுப்பும் அதே சேர்மங்களோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை விடுகிறது. இந்த வாயுக்களின் மோதலில் வெளிப்படும் வெப்பம்தான் அடுத்த கட்டத்துக்கு வழிவிடுகிறது. கார்பன் முழுமூச்சாக எரியத் தொடங்குவது அதற்கு அப்புறம்.

கிராஃபைட் ஏறத்தாழ முழுக் கார்பன். அதைக் கரிக்குப் பதிலாகப் போட்டால் மருந்து ஏன் உருப்படுவதில்லை என்பதும் இப்போது புரியும்.

## ஆயர் சொன்ன யோசனை

இதையெல்லாம் மூலக்கூறு அளவில் விளக்க ஆளில்லாத காலத்திலேயே, சுடும் முறைதான் விஷயம் என்று கண்டுகொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை மருந்துக்கான கரியும் வழக்கமான மூட்டத்தில்தான் வந்தது: விறகைக் குவித்து, மண்ணால் மூடி, உள்ளே புகைய விட்டு எடுப்பது. மூட்டத்தின் நடுவில் ஒரு வெப்பம், ஓரத்தில் ஒரு வெப்பம். கூடவே மண்ணும் மணலும் கலந்து வரும். 1787இல் பிரிட்டிஷ் அரசு மருந்தின் வலிமையைக் கூட்ட வழி கேட்டபோது, கேம்பிரிட்ஜில் வேதியியல் பேராசிரியராக இருந்து பின்னர் லாண்டாஃப் ஆயராகிவிட்ட ரிச்சர்ட் வாட்சன், மரத்தை மூடிய இரும்புக் கலத்தில் வைத்து வாலையில் வடிப்பதுபோல் சுடச் சொன்னார். அப்படி வந்ததுதான் உருளைக் கரி. மூட்டக் கரியில் செய்ததைவிட இதில் செய்த மருந்து குறிப்பிடத்தக்க அளவு வலுவாக இருந்ததால், சசெக்ஸ் வட்டாரத்தில் இதற்கென்றே உருளைக்கலச் சூளைகள் அமைக்கப்பட்டன. கலவையின் விகிதத்தில் கைவைக்காமல், கரியை எடுக்கும் முறையை மாற்றியே கிடைத்த முன்னேற்றம் இது.

எதிர்த்திசைப் பாடம் 1880களில் வந்தது. பெரிய பீரங்கிகளுக்கு மருந்து அதிவேகமாக எரிந்தால் குழாயே வெடிக்கும் ஆபத்து இருந்தது. மெதுவாக, சீராக எரியும் மருந்து வேண்டும் என்று ஜெர்மனியில் கோதுமைக்கு உறவான ரை பயிரின் வைக்கோலை அரைகுறையாகச் சுட்டு, பழுப்புக் கரியாக எடுத்துப் பயன்படுத்தினார்கள். கந்தகத்தை வெறும் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். கோக்கோ மருந்து என்று பெயர் பெற்ற இது பட்டகக் கட்டிகளாக அழுத்தப்பட்டு, புகையில்லா மருந்து வரும்வரை கடற்படைப் பீரங்கிகளில் இருந்தது.

கொஞ்சம் நில்லுங்கள். குறைவாகச் சுட்ட கரி எளிதில் தீப்பிடிக்கும் என்று மேலே படித்தோம்; இங்கே அதே கரி மெதுவான மருந்தைத் தருகிறதே? இரண்டும் சரிதான். எளிதில் தீப்பிடிப்பது வேறு, பிடித்த தீ எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பது வேறு. பழுப்புக் கரி அழுத்தத்தில் இளகி இடுக்குகளை அடைத்துக்கொள்ளும் தன்மையுள்ளது. கட்டி அடர்த்தியாகிவிட்டால் தீ உள்ளே ஊடுருவ வழியில்லாமல் மேற்பரப்பில் அடுக்கடுக்காகத்தான் நகரும். கந்தகமும் குறைவு. பொழுதுபோக்காளர் பட்டியல்களில் 'வேகம்' என்ற ஒரே சொல் இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குழப்புகிறது.

## மரத்தின் பங்கு எங்கே

சுடும் முறைதான் எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. நாடுதோறும் மருந்து செய்தவர்கள் தனித்தனியாகத் தேடி ஏறக்குறைய ஒரே மாதிரி மரங்களில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் வில்லோ, ஆல்டர்; சிறு துப்பாக்கிகளுக்கான உயர்ரக மருந்துக்கு ஆல்டர் பக்தார்ன் என்ற புதர். பிரான்சிலும் ஜெர்மனியிலும் அதே புதருக்கு மதிப்பு. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஹெம்ப் என்ற நார்ச்செடியின் தண்டு. ஜப்பானிய வாணக் கைவினைஞர்களிடம் பவுலோனியா மரமும் ஹெம்பும். இந்தியாவில் எருக்கும் துவரைத் தட்டையும் இந்தப் பட்டியலில் உண்டு. அமெரிக்காவில் மட்டும் மேப்பிள் மரக்கரி ராணுவ மருந்துவரை போனது; மற்றவற்றோடு ஒப்பிட்டால் அது கனமான மரம்.

மேப்பிளை ஒதுக்கி வைத்தால் மற்றவற்றுக்குப் பொதுவான குணங்கள் இவை:

1. எடை குறைவு. செல்களின் சுவர் மெல்லியது, உள்ளே வெற்றிடம் அதிகம். அரைத்தால் எளிதில் நுண்தூளாகும். கருவேலம், ஓக் போன்ற கனமரங்களின் கரி இதற்கு மசியாது.

2. சாம்பல் குறைவு. நல்ல மரக்கட்டையில் கனிம உப்புகள் எடைக்கு 1 சதவீதத்துக்குள் இருக்கும். மரப்பட்டையில் அதைவிடப் பல மடங்கு. பட்டையை உரித்துவிட்டுச் சுடும் பழக்கம் அதனால் வந்தது. நெல் உமியில் சாம்பலே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதுவும் பெரும்பாலும் சிலிக்கா. உமிக்கரி கறுப்பாக இருந்தாலும் அதில் கணிசமான பங்கு எரியாத சாம்பல்தான்.

3. பிசின் குறைவு. பைன் போன்ற ஊசியிலை மரங்கள் விரைவு மருந்துக்கான பட்டியலில் பின்தங்குவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இது.

நுண்துளைகள் அதிகமானால் வேகம் கூடும் என்ற வாதத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். கிளர்வூட்டப்பட்ட கரி, அதாவது தண்ணீர் வடிகட்டியில் இருக்கும் கரி, ஒரு கிராமுக்கு 1000 சதுர மீட்டர் அளவுக்கு உட்பரப்பு கொண்டது. அந்தக் கணக்குப்படி அதுதான் எல்லாக் கரியையும் விஞ்ச வேண்டும். ஆனால் மருந்தில் போட்டால் ஏமாற்றம்தான். 800 டிகிரிக்கு மேலான வெப்பத்தில் தயாராவதால் அதில் ஆவிப்பொருள் ஏறத்தாழ வற்றிவிட்டது. அதன் பரப்பும் மூலக்கூறு அளவிலான துளைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. அரைத்துக் கலக்கும் உப்புத்தூள் அங்கே போய்ச் சேராது.

அடுப்புக்கென்று விற்கும் அழுத்திய கரிக்கட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் மாவுப்பசை, சுண்ணாம்புக்கல் தூள், சில நேரம் நிலக்கரி எல்லாம் சேர்ந்திருக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரி சுத்தமானது, ஆனால் கல்போல் கடினம்.

## பொறி வேண்டும் என்றால் கணக்கே வேறு

இதுவரை பார்த்தது வேகம் தேவைப்படும் இடம். வானத்தில் வில்லோ மரக்கிளைபோல் தொங்கும் பொன்னிறப் பொறிகளுக்கு மெதுவாக எரியும் கரிதான் வேண்டும். அங்கே கரியை வழக்கத்தைவிட மிக அதிகமாகச் சேர்க்கிறார்கள். உப்பு தரும் ஆக்சிஜன் எல்லாக் கரிக்கும் போதாது. மீந்த துகள்கள் சிவக்கச் சிவக்க வெளியே பறந்து காற்றின் ஆக்சிஜனில் எரிந்து முடிகின்றன. நாம் பார்க்கும் வால் அதுதான்.

கரிப்பொறியின் நிறம் எப்போதும் செம்மஞ்சளுக்கும் பொன்னிறத்துக்கும் இடையில்தான் நிற்கும். திடப்பொருள் சூட்டில் ஒளிரும்போது நிறத்தை முடிவுசெய்வது அதன் வெப்பநிலை. அலுமினியம், டைட்டானியம் பொறிகள் அதைவிட வெகு சூடானவை என்பதால் வெள்ளையாகத் தெரிகின்றன. கரியில் எந்த மரத்தைப் போட்டாலும் வெள்ளைப் பொறி கிடைக்காது. மாற்றக்கூடியது பொறியின் ஆயுளும் அடர்த்தியும்தான். துகள் பெரிதானால் பொறி நீண்ட நேரம் வாழும். தரையைத் தொடும்வரை அணையாமல் வந்து விழுவதும் அதே பெரிய துகள்தான்.

விரைவு மருந்தில் மட்டம் தட்டப்பட்ட பைன் கரிக்கு இங்கே முதல் மரியாதை. ஜப்பானில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொட்டாசியம் குளோரேட் வந்து சேரும்வரை வாணங்களுக்குக் கரியின் நிறம் மட்டுமே இருந்தது. கரியின் ரகங்களைப் பிரித்தறியும் நுட்பம் அங்கே இவ்வளவு வளர்ந்ததில் அந்த வறுமைக்கும் பங்கு இருக்கும் என்றே தோன்றுகிறது. கையில் பிடித்துக்கொள்ளும் செங்கோ ஹனாபி என்ற சிறு மத்தாப்பில் இன்றும் உலோகத்தூள் கிடையாது. பைன் புகைக்கரிக்குப் பேர்போன சரக்கு அது. முனையில் திரளும் உருகிய உப்புத்துளியில் குமிழிகள் வெடித்து, சிதறும் சிறு துளிகள் மேலும் சிதறி, கிளைகிளையாகப் பொறி விரிகிறது. அதிவேகக் கேமராக்களைக் கொண்டு இதைப் படம்பிடித்து விளக்கிய இயற்பியல் ஆய்வு 2017இல்தான் வந்தது.

ஆக, 'சிறந்த கரி எது' என்ற கேள்விக்கு முன்னால் 'எதற்கு' என்று கேட்காத பட்டியலை நம்புவதில் அர்த்தமில்லை.

## ஒப்பீடுகள் தடுமாறும் இடங்கள்

இரண்டு மரங்களை ஒப்பிட்டதாகச் சொல்லும் ஒருவர் உண்மையில் நாலைந்து விஷயங்களைச் சேர்த்தே மாற்றியிருப்பார். வழக்கமாக நழுவுபவை:

1. சுட்ட வெப்பம். டின்னை நெருப்பில் போட்டு, புகை நின்றதும் எடுப்பதுதான் பலரின் முறை. கனமான மரத்தில் புகை நிற்க அதிக நேரம் ஆகும், அதற்குள் வெளிப்புறத் துண்டுகள் மிகையாக வெந்துவிடும். அப்புறம் பழி மரத்தின் மேல்.

2. துகள் அளவு. ஒரே நேரம் அரைத்தாலும் மென்மரக் கரி நுண்ணியதாகவும் வன்மரக் கரி பரும்படியாகவும் வரும். ஒரே சல்லடையில் சலித்தால்கூட, சல்லடைக்குக் கீழே விழுந்ததில் எவ்வளவு நுண்தூள் என்பது வேறுபடும்.

3. ஈரம். புதுக்கரி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உலர்த்தாமல் நிறுத்தால் எடையில் ஒரு பகுதி தண்ணீர். கலவை விகிதம் அங்கேயே தவறிவிடுகிறது.

4. கலவையின் நெருக்கம், அழுத்தம். இந்த இரண்டும் எரிவேகத்தைக் கரியைவிட அதிகமாகக்கூட மாற்றும்.

5. கட்டையின் வரலாறு. கடலில் மிதந்து கரை ஒதுங்கிய மரத்தில் உப்பு ஏறியிருக்கும். பழைய கட்டடச் சட்டத்தில் பெயின்ட், பாதுகாப்பு மருந்து, ஆணி எல்லாம் இருக்கலாம்.

இவற்றில் பலவற்றைக் கலவை செய்யாமலேயே பிரித்துப் பார்க்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. மரக்கரியை மட்டும் சோதிக்க ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பு வகுத்த டி1762 என்ற தரமுறை இருக்கிறது. 105 டிகிரியில் உலர்த்தி ஈரத்தையும், மூடிய கிண்ணத்தில் 950 டிகிரிக்குக் கொண்டுபோய் ஆவிப்பொருளையும், 750 டிகிரியில் முழுவதுமாக எரித்துச் சாம்பலையும் அளப்பார்கள். இந்த மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது நிலைக்கார்பன். எரிபொருள் சோதனைக் கூடங்களில் இது அன்றாட வேலை. வில்லோ, பைன் என்று எழுதுவதற்குப் பக்கத்தில் ஆவிப்பொருள் இத்தனை சதவீதம், சாம்பல் இத்தனை என்று இரண்டு எண்களைச் சேர்த்தாலே, சுற்றிவரும் பட்டியல்களில் உள்ள முரண்களில் பாதி தானாகக் கரையும் என்பது என் கணிப்பு.

## கரிக்கே உரிய ஆபத்துகள்

கருமருந்தின் ஆபத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கரியை மட்டும் தனியாகக் கையாளும்போது பலர் அலட்சியமாகிவிடுகிறார்கள்.

1. தானே சூடாவது. புதிதாகச் சுட்ட கரி, அதிலும் உடனே அரைத்த கரி, காற்றின் ஆக்சிஜனை உறிஞ்சி மெல்லச் சூடேறும். குவியலின் நடுவில் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். சுட்ட கரியைச் சில நாள் ஆறவிட்டே அரைப்பது பழைய மருந்து ஆலைகளின் வழக்கம். கப்பல் போக்குவரத்தில் இதற்கு ஐநா எண் 1361, தானாகத் தீப்பிடிக்கும் பொருள் என்ற வகை. முன்பு சோதனைச் சான்று காட்டி விலக்குப் பெற முடிந்தது. தொடர்ந்து நடந்த கொள்கலன் தீ விபத்துகளால் விதி இறுக்கப்பட்டு, 2026 ஜனவரி 1 முதல் கடல்வழிச் செல்லும் கரி முழுவதும் ஆபத்தான சரக்காகவே அறிவிக்கப்பட வேண்டும்.

2. தூசி. நுண்ணிய கரித்தூள் காற்றில் மேகமாகப் பரவியிருக்கும்போது ஒரு பொறி போதும்.

3. மணலும் உலோகத் துணுக்கும். மூட்டக் கரியில் ஒட்டிவரும் ஒரு மணல்துகள், மருந்தை அரைக்கும்போது உராய்வில் பொறி தெறிக்கும் புள்ளியாகிவிடும்.

4. மிச்சம் ஒட்டிய பாத்திரங்கள். குளோரேட் கலந்த மருந்துக்குப் பயன்பட்ட கலத்தில் கந்தகமோ கந்தகம் கலந்த கரியோ சேர்ந்தால் லேசான உராய்வே விபத்தாகலாம். பட்டாசில் குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்ப்பதைப் பிரிட்டன் 1894லேயே தடைசெய்தது.

மரத்தைக் கரியாக்குவதும் அதைப் பகுத்து அளப்பதும் ஒன்று. வெடியுப்போடு சேர்ப்பது முற்றிலும் வேறொன்று. இரண்டாவதில் கால் வைத்த கணமே பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி அது வெடிபொருள் தயாரிப்பு. உரிமம், அளவு வரம்பு, சேமிக்கும் இடத்துக்கும் குடியிருப்புக்கும் இடையே விடவேண்டிய தூரம் எல்லாம் அங்கிருந்து தொடங்குகின்றன. சில நாடுகளில் உரிமம் பெற்ற வாணவேடிக்கைச் சங்கங்களின் மைதானங்களில் மட்டும் பொழுதுபோக்காளர்களுக்கு இடம் உண்டு. வேறு சில நாடுகளில் அந்த வழியும் இல்லை.